ஓகோ-டெக்ஸ் லேபிள் இருந்தால் பசுமை ஆகிவிடுமா?

அமராவதிக்கரை:
நேற்று வேப்பமரம் ஒரு மதிப்புரை போட்டிருந்தார். அவர் வாங்கிய பிராண்டின் படுக்கை விரிப்பு, தேங்காய்ப்பூத் துண்டு, தலையணை உறை மூன்றும் "முழுக்க முழுக்கப் பசுமை"யாம். பத்துக்கு ஒன்பது மதிப்பெண். என்ன ஆதாரம் என்று பார்த்தால், துண்டின் ஓரத்தில் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 லேபிள் இருக்கிறதாம். படித்ததும் எரிச்சலாக வந்தது. தோலுக்குக் கேடான ரசாயனம் துணியில் தங்கியிருக்கிறதா என்பதைத்தான் அந்த லேபிள் சொல்லும். சாயத்தண்ணீர் எங்கே போனது என்று அது கேட்பதே இல்லை.

வேப்பமரம்:
நான் எழுதியது பத்து பத்தி. நீங்கள் ஒரே வரியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். ஃபார்மால்டிஹைடு, ஈயம், காட்மியம், தடைசெய்த அசோ சாயங்கள் எல்லாவற்றையும் சோதித்துத்தான் அந்த லேபிளைக் கொடுக்கிறார்கள். கைக்குழந்தைத் துணிக்கு இன்னும் கடுமையான தனி வகுப்பே உண்டு. துணியிலேயே இல்லாத ரசாயனம் ஆற்றை எப்படிக் கெடுக்கும்?

அமராவதிக்கரை:
துணியில் இல்லையென்றால் அலசி எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்! பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் முழுதும் நூலில் ஒட்டாது. ஒட்டாததை அலசித்தான் எடுக்க வேண்டும். சாயம் ஏறுவதற்காகக் கொட்டிய உப்பும் அந்தத் தண்ணீரோடுதான் போகும். அந்தத் தண்ணீர் எங்கே போனது? லேபிளில் பதில் இருக்கிறதா?

நொய்யல்மகன்:
சாயம் என்றாலே ஆற்றில் விடுகிறார்கள் என்று பேசுவதை நிறுத்துங்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது தெருவுக்கு வந்தவர்கள் நாங்கள். கடன் வாங்கி, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் முறைக்கு மாறினோம். ஆர்.ஓ. போட்டு அதே தண்ணீரைத் திரும்பவும் சாயத்துக்கு எடுக்கிறோம், உப்பையும் பிரித்தெடுக்கிறோம். கரூரில் அமராவதி ஆற்றை நாசம் செய்தது யார் என்று முதலில் சொல்லுங்கள்.

அமராவதிக்கரை:
எங்கள் ஊர்ப் பட்டறைகளும்தான் செய்தன. நான் எங்கே மறைத்தேன்? ஆனால் திருப்பூருக்குக் கீழே நொய்யல் ஆற்றில் இருக்கும் ஒரத்துப்பாளையம் அணையை மறந்துவிட்டீர்களே. பாசனத்துக்காகக் கட்டிய அணை, சாயக்கழிவுக் குட்டையாகி, தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்ச வேண்டிய நிலை வந்தது. அந்த நொய்யல் எங்கள் மாவட்டத்தில்தான் காவிரியில் கலக்கிறது. பிரித்தெடுத்தது போக மிஞ்சும் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடப்பதையும் சொல்லுங்கள். சரி, அது இருக்கட்டும். லேபிள் விஷயத்துக்கு வாருங்கள்.

கைத்தறிப்பெட்டி:
இரண்டு பேரும் ஊர்ச் சண்டையை விடுங்கள். அந்தத் தலையணை உறை "மூங்கில்" என்று போட்டிருக்கிறதாமே, அதை ஏன் யாரும் கேட்கவில்லை? மூங்கிலைக் கரைத்து எடுப்பது பெரும்பாலும் விஸ்கோஸ் என்ற செயற்கை இழைதான். கார்பன் டைசல்பைடு போட்டுச் செய்வது. ஆலைத் தொழிலாளியின் நரம்பையே பாதிக்கும் ரசாயனம் அது. விஸ்கோஸை மூங்கில் என்று விற்றதற்காகத்தான் 2022இல் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் கோல்ஸ், வால்மார்ட் என்ற இரண்டு கடை நிறுவனங்களையும் சேர்த்து 55 லட்சம் டாலர் அபராதம் கட்ட வைத்தது. சென்னிமலைக் கைத்தறிப் போர்வை வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை.

வேப்பமரம்:
வந்துவிட்டீர்களா? போன தீபாவளிக்கும் இப்படித்தான், விசைத்தறித் துணி வாங்குகிறவன் எல்லாம் துரோகி என்று என்னைத் திட்டினீர்கள். நான் மறக்கவில்லை. கைத்தறிக்கு மட்டும் சாயம் வானத்திலிருந்தா வருகிறது?

கைத்தறிப்பெட்டி:
துரோகி என்ற சொல்லை நான் எழுதவே இல்லை. எங்கே எழுதினேன், காட்டுங்கள்.

அமராவதிக்கரை:
மூங்கிலும் வேண்டாம், தீபாவளியும் வேண்டாம். லேபிள். அதே ஓகோ-டெக்ஸ்காரர்களே ஆலையைச் சோதிக்க ஸ்டெப் என்று தனிச் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். பொருள், ஆலை இரண்டும் தேறினால் "மேட் இன் கிரீன்" என்று வேறு லேபிள் தருகிறார்கள். ஸ்டாண்டர்டு 100லேயே எல்லாம் அடங்கிவிட்டால் அவை எதற்கு? பசுமையைப் பார்க்க வேண்டுமென்றால் ஆர்கானிக் துணிக்குத் தரும் காட்ஸ் (GOTS) சான்றிதழைப் பாருங்கள். அதில் 70 சதவீதமாவது ஆர்கானிக் நார் இருக்க வேண்டும், கழிவுநீருக்கும் விதி உண்டு, கூலிக்கும் விதி உண்டு.

வேப்பமரம்:
காட்ஸ் மட்டும் யோக்கியமா? இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்றிதழ் போட்டிருந்ததை 2020இல் அவர்களே கண்டுபிடித்து அறிவித்தார்களே. அப்புறம் எதைத்தான் நம்புவது? கையில் இருக்கும் லேபிளைத்தான் நான் நம்ப முடியும்.

நொய்யல்மகன்:
கலப்பு உப்பு பற்றிச் சொன்னவர் எங்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் பேசட்டும். வீட்டில் உட்கார்ந்துகொண்டு எழுதுவது சுலபம்.

அமராவதிக்கரை:
இருபது வருடம் துண்டு ஏற்றுமதிக் கம்பெனியில் பேக்கிங் பார்த்தவன் நான். அந்த லேபிளை என் கையால் எத்தனை பெட்டியில் வைத்திருப்பேன்! வெளியூரில் சாயம் போட்டு வந்த துணிக்கும் அதே லேபிள்தான் வைத்தோம். சாயம் போட்ட பட்டறை எது என்று எங்களுக்கே தெரியாது. வாங்கியவர் எப்படித் தெரிந்துகொள்வார்? நான் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த பிராண்டின் சாயத்தண்ணீர் எங்கே போனது? மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

வேப்பமரம்:
மதிப்பெண்ணை நான் மாற்றப் போவதில்லை. ஒன்பதுதான்.

கைத்தறிப்பெட்டி:
துரோகி என்று எங்கே எழுதினேன்? இன்னும் காட்டவில்லை.