1958-ஐ நினைவூட்டும் டியூடர் கைக்கடிகாரம் நம் கடற்கரைக்கு ஒத்துவருமா?

கீழக்கரைவாசி:
துபாயில் பணிபுரியும் என் காக்கா, சுவிஸ் கடிகார நிறுவனமான டியூடரின் பிளாக் பே ஃபிஃப்டி எய்ட் கைக்கடிகாரத்தை வாங்கிவர விரும்புகிறார். வாப்பா கட்டியிருந்த, நாள்தோறும் சாவி கொடுக்கும் கடிகாரம் உப்புக்காற்றில் முள் துருப்பிடித்து நின்றுபோனதால் எனக்குத் தயக்கம். இதைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கலாமா? இது உண்மையிலேயே 1958-ஆம் ஆண்டு வடிவம்தானா?

பாம்பன்கரை:
பாதி உண்மை. 2018-இல் வெளிவந்த இக்கடிகாரம், 1958-இல் அதே நிறுவனம் 200 மீட்டர் ஆழத்துக்கென வெளியிட்ட 7924 எண் கொண்ட சப்மரைனர் என்னும் முக்குளிப்புக் கடிகாரத்தைத் தழுவியது. பெரிய கிரவுன் (பக்கவாட்டிலுள்ள சாவிக் குமிழ்), அதற்குக் காவல் தோள்கள் இல்லாத உடல், தேதி காட்டாத முகப்பு ஆகிய மூன்றும் அங்கிருந்து வந்தவை. ஆனால் சதுரத் தலை கொண்ட இதன் மணிமுள் 1969-இல்தான் டியூடரில் தோன்றியது. பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பாளர்கள் கட்டியிருந்த கடிகாரங்களின் அடையாளமும் அதுவே. ஆக, இரண்டு காலங்களை ஒரே முகப்பில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். எஃகுப் பட்டையின் ஓரத்தில் தெரியும் ஆணித்தலைகளோ வெறும் அலங்காரம். எனக்கு அது பிடிக்கவில்லை.

பழையது 37 மில்லிமீட்டர், இது 39. மெலிந்த மணிக்கட்டுக்கும் பொருந்தும். பழையதில் வெளியிலிருந்து வாங்கிப் பொருத்திய இயந்திரம் ஓடியது. இதிலுள்ள எம்டி5402 என்னும் இயந்திரம் முழுதாக விசை ஏறியபின் 70 மணி நேரம் ஓடுவதால், வெள்ளி இரவு கழற்றி வைத்தாலும் திங்கள் மாலைவரை நிற்காது. அதன் ஓட்டத்தைச் சீராக்கும் மயிரிழைச் சுருள் சிலிக்கனால் ஆனது. காந்தத்துக்கு அசையாது, துருவும் ஏறாது.

மண்டபம் பழுதுபார்ப்பவர்:
ஆழத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சங்கு குளிப்பவர் 10 பாகம் இறங்கினாலும் அது ஏறத்தாழ 18 மீட்டர்தான். நம் பக்கத்தில் கடிகாரத்தைக் கெடுப்பது ஆழமன்று, கரையேறிய பின் காய்ந்து படியும் உப்பு. கிரவுனை இறுகத் திருகியபின் இறங்குங்கள். ஈரக் கையால் அதைத் தொடாதீர்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசி, வெளிவளையத்தைச் சுற்றிச் சுற்றி மணலை வெளியேற்றுங்கள். நீர் புகாமல் காக்க உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் நாளடைவில் இறுகிப்போகும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்துவிடுவது நல்லது. தோல்பட்டை மட்டும் வேண்டவே வேண்டாம். நம் வியர்வைக்கே அது நாறிவிடும்.

கீழக்கரைவாசி:
இருவருக்கும் நன்றி. முள்ளின் கதையைக் காக்காவிடம் சொன்னேன்; அந்த முள்ளுக்காகத்தான் வாங்குகிறேன் என்கிறார். துணிப்பட்டையோடு எடுத்துவரச் சொல்லிவிட்டேன்.