உற்சவர் திருமேனியில் லேசர் படலாமா?

குடமுருட்டி:
கோயில் சிலைப் பாதுகாப்பு மையங்களில் பூட்டிக் கிடக்கும் செப்புத் திருமேனிகள் எல்லாவற்றையும், லேசரால் துளி உலோகத்தைத் தூசியாக்கிக் கலவையை அளக்கும் லேசர் ஐசிபி-எம்எஸ் முறையில் சோதித்துப் பதிந்து வைக்க வேண்டும். பத்தூர் நடராசர் 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டு லண்டன் போய், வழக்கு நடந்து, 1991இல்தான் இந்தியா திரும்பினார். ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும் காட்டி, அது அந்த ஊர்ச் சிலைதான் என்று வாதாட வேண்டியிருந்தது.

சுவாமிமலையான்:
புதைந்து கிடந்தவரை யார் முன்கூட்டியே பதிந்திருக்க முடியும்? அது கிடக்கட்டும். பூஜையில் இருக்கும் திருமேனியில் ஊசிமுனை அளவு குழி விழுந்தாலும் எங்கள் கணக்கில் பின்னம், அதாவது ஊனம்தான். வார்ப்புத் தொழில் செய்கிறவன் சொல்கிறேன், சம்மதிக்கவே மாட்டேன்.

குடமுருட்டி:
அதே ஊரில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு ஒப்பிட்டிருக்கலாமே! குழியும் 50 மைக்ரான்தான், தலைமுடி கனம். கிளம்பும் தூசியை ஹீலியம் வாயு ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் கொண்டுபோகும். ஆயிரக்கணக்கான டிகிரி சூட்டில் அணுக்கள் அயனியாகி, நிறைப்படி பிரிந்துவிடும். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வெள்ளி, ஆர்சனிக்கூடத் தெரியும். துளைபோட்டு எடுப்பதைவிட எவ்வளவோ மேல்.

வெண்ணாற்றங்கரை:
லேபில் வேலை பார்க்கிறேன். ஒரு குழியை நம்பாதீர்கள். ஈயம் செம்போடு கரையாது, துளித்துளியாகத் தனியே நிற்கும். லேசர் துளி மேல் பட்டால் ஈயம் எக்கச்சக்கம், பக்கத்தில் பட்டால் ஒன்றுமேயில்லை. கோடு போட்டு இழுத்துச் சராசரி பார்க்க வேண்டும். துத்தநாகமும் ஈயமும் செம்பைவிடச் சீக்கிரம் ஆவியாகும், அதனால் அளவைச் சரிபார்க்க ஒப்பிடும் கண்ணாடித் தரமாதிரி போதாது. கலவை தெரிந்த வெண்கலத் துண்டு வேண்டும். லேசர் கருவியில் பொருளை வைக்கும் சாதாரண அறைக்குள் சாண் உயரச் சிலையே போகாது. தூசியை வடிதாளில் பிடித்து லேபுக்கு அனுப்பும் கையடக்கக் கருவிகள் உண்டு, ஆனால் துல்லியம் குறையும்.

சுவாமிமலையான்:
இதைத்தான் நானும் கேட்கிறேன். உருக்கும்போது பழைய குடம், விளக்கு எல்லாம் மூசைக்குள் போகும். பக்தர்கள் பொட்டுத் தங்கம், வெள்ளி கொண்டுவந்து போடுவார்கள். எந்தச் சுரங்கத்துச் செம்பு என்று என்னத்தைச் சொல்வீர்கள்? எக்ஸ்கதிர் பாய்ச்சித் தொடாமல் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் போதும்.

குடமுருட்டி:
சுரங்கம் எனக்கு வேண்டாம். இது அந்தச் சிலைதானா என்பதுதான் கேள்வி. அப்படிக் கலந்த கலவைதான் ஒவ்வொன்றையும் தனியாகக் காட்டும். எக்ஸ்ஆர்எஃப் மேல்தோலை மட்டுமே பார்க்கும். அபிஷேகமும் புளித் தேய்ப்பும் பட்ட மேல்தோல் உள்ளிருக்கும் உலோகம் ஆகாது. பீடத்து அடியில் கண்ணுக்குப் படாத இடமாகப் பார்த்து எடுக்கலாமே?

சுவாமிமலையான்:
பூஜையில் இல்லாத, ஏற்கெனவே உடைந்த சிலைகளில் எடுங்கள், நானே கூட வருகிறேன். உலோகம் ஊற்றிய வாய்க்காலில் உறைந்து, வார்த்தபின் அறுத்தெடுத்த துண்டுகள் பட்டறையில் கிடக்கின்றன. தரமாதிரிக்கு அவற்றையும் தருகிறேன். உற்சவர் மேல் மட்டும் விட மாட்டேன்.