மூளையில் நடக்கும் கவாத்துக்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘சினாப்டிக் ப்ரூனிங்’ என்ற இடத்தில் நான்கு நாளாக நிற்கிறேன். குழந்தையின் மூளை தேவைக்கு மேல் நரம்பிணைப்புகளை உண்டாக்குகிறது. புழங்குபவை உறுதிப்படும், மற்றவை நீங்கும். 1979இல் நரம்பியல் மருத்துவர் ஹட்டன்லாக்கர் முன்மூளைப் புறணியில் (மூளையின் மேலடுக்கில்) எண்ணியபோது, ஒன்று இரண்டு வயதில் இணைப்படர்த்தி பெரியவர்களைவிட ஏறக்குறைய 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ‘இணைப்பு வெட்டு’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த ஒரு தாய், “இதைத் தடுக்க மருந்து உண்டா?” என்றார்.

---

‘களைவு’ இருக்கிறதே! ‘பைங்கூழ் களைகட் டதனொடு நேர்’ என்கிறது குறள். கட்டல், ‘கள்’ என்னும் வினையின் தொழிற்பெயர். களை, களைதல் எல்லாம் அதன் கிளைகள். களவையும் இதோடு சேர்க்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். தனி மடலில் விரிக்கிறேன்.

---

> ‘களைவு’ இருக்கிறதே!

ஐயா, களை என்றாலே வேண்டாத செடி. நீங்கும் இணைப்பு கெட்டதல்ல, புழங்காதது; அவ்வளவுதான். தோட்டக்காரர் நல்ல கிளையையும்தான் கவாத்து செய்கிறார். எல்லாருக்கும் தெரிந்த சொல் அது.

ஆறு மாதக் குழந்தை கேட்டறியாத மொழியின் ஒலி வேறுபாடுகளைக்கூடப் பிரித்தறியும். ஓராண்டு நெருங்கும்போது அந்தத் திறன் மங்கும். ழகரம் காதில் விழாமல் வளரும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

---

கவாத்து படைப்பயிற்சிக்கும் வழங்கும் சொல், தமிழும் அன்று. நன்னூலார் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக்கினார். மரம் + வேர் = மரவேர். இரு சொல் இணையும் இடத்தில் மகரம் கெடுகிறது; அதனால் சொல் சிதைவதில்லை, செம்மைப்படுகிறது. மூளையில் நடப்பதும் இதுவே. ‘இணைப்புக்கேடு’ என்க.

---

அம்மா, இலக்கணம் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் ‘கேடு’ என்று பார்த்ததும் பெற்றோர் மருத்துவரிடம் ஓடிவருவார்கள். அந்த அறையில் உட்கார்ந்திருப்பவன் நான். நரம்பியல் ஆய்வாளர்கள் ஹியூபலும் வீசலும் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில வாரம் மூடிவைத்தார்கள். திறந்த பிறகும் பார்வைப் புறணியின் பெரும்பாலான செல்கள் அந்தக் கண்ணுக்கு மறுமொழி தரவில்லை. பிறவிக் கண்புரையைச் சீக்கிரம் அகற்றச் சொல்வது இதனால்தான். எது நிலைக்கும் என்பதில் அனுபவத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதைச் சொல் மறைக்கக்கூடாது. ‘கிளை கழித்தல்’ போல ‘இணைப்புக் கழிப்பு’ எப்படி?

ழகரச் செய்தியை மட்டும் இந்தத் தலைப்பின் கீழ்ச் சேர்க்க வேண்டாம். ஒலியுணர்வு மங்குவது வேறு, இணைப்பு நீங்குவது வேறு, இரண்டையும் ஒன்றாக்கிவிடக்கூடாது.

---

கழிப்பு என்றால் கழிப்பறைதான் நினைவுக்கு வரும். கவாத்துக்கே என் வாக்கு.

---

எனக்கும் கவாத்து. காலக்கெடு தெரியும்தானே?

---

எல்லாருக்கும் நன்றி. ‘இணைப்புக் கவாத்து’ என்று போட்டுவிட்டேன். “இது இயல்பான வளர்ச்சி, பேசுங்கள், விளையாடுங்கள், பிள்ளை குரல் கொடுத்தால் மறுமொழி சொல்லுங்கள்” என்று அதே பக்கத்தில் சேர்த்திருக்கிறேன்.

---

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். ‘கேடு’ வேண்டாமென்றால் ‘கெடுதல்’ என்றாவது அடைப்புக்குறிக்குள் இருக்கட்டும். மரவேரைக் கற்ற பிள்ளைக்கு அது புரியும்.