மதியம் தூங்கி எழுந்தால் இன்னும் மந்தமாக இருக்கிறது. எங்கே தப்பு?

அரைத்தூக்கம்:
நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ற வேலை, வீட்டிலிருந்தே. மதியம் ரெண்டு மணிக்கு மேல மண்டை ஓட மாட்டேங்குது. ஒரு மணி நேரம் படுத்து எழுந்தா முன்னைவிட மந்தம். படுக்காம சமாளிச்சா நாலு மணிக்கு காபி, அப்புறம் ராத்திரி ஒரு மணி வரை முழிப்பு. நடுவுல பிரேக் எடுத்து போன் பார்த்தாலும் திரும்ப வேலையில மனசு ஒட்டல. மதியம் தூங்கலாமா, கூடாதா?

நாழிகை:
தூங்கலாம். ஒரு மணி நேரம்கிறதுதான் தப்பு. கண் அசந்து சுமார் அரை மணி நேரத்துல ஆழ்ந்த தூக்கத்துக்குள்ள இறங்கிடுவோம். அங்கிருந்து அலாரம் எழுப்பினா உடம்புதான் எழுந்திருக்கும். அந்த மந்தம் பெரும்பாலும் 15–30 நிமிஷத்துல கலையும். ராத்திரித் தூக்கம் பாக்கி இருந்தா ஒரு மணி நேரம்கூட இழுக்கும்.

படுக்கும்போதே 25 நிமிஷத்துக்கு அலாரம் வைங்க. கண் அசர அஞ்சு பத்து நிமிஷம் போனாலும் மிச்சம் போதும். அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா, விமானிகளை வச்சுப் பண்ணின ஆய்வுல 40 நிமிஷம் ஓய்வு கொடுத்தாங்க. சராசரியா 26 நிமிஷம்தான் தூங்கினாங்க, அதுக்கே கவனம் நல்லாத் தேறுச்சு.

ஒரு மணியிலிருந்து மூணுக்குள்ள முடிச்சுடுங்க. உடம்பு கடிகாரப்படியே அப்போ சுறுசுறுப்பு கொஞ்சம் தாழும். மதியம் சாப்பிடலைன்னாலும் அந்தச் சோர்வு வரும். கட்டில்ல போர்த்திப் படுக்காதீங்க, நாற்காலியில சாய்ஞ்சா போதும். அலாரம் கைக்கு எட்டாத தூரத்துல இருக்கட்டும், எட்டினா அணைச்சுட்டுத் திரும்பத் தூங்குவோம். தூக்கம் வரலையா, கண்ணை மூடிச் சும்மா கிடங்க. எழுந்ததும் முகத்துல குளிர்ந்த தண்ணி, வெளிச்சத்துல அஞ்சு நிமிஷ நடை.

90 நிமிஷம் தூங்கினா, லேசான தூக்கத்துல தொடங்கி ஆழ்ந்து திரும்புற ஒரு சுற்று முடிஞ்சு தெளிவா எழலாம்னு சொல்வாங்க. அந்தச் சுற்று ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். வேலை நாள்ல அதை நம்ப வேண்டாம்.

விடியல்:
நாழிகை சொன்னது சரி. ஆனால் இவருக்கு முதல் சிக்கல் அந்த நாலு மணி காபி. காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போக சராசரியாக 5 மணி நேரம் ஆகும். நாலு மணிக்குக் குடித்ததில் இரவு ஒன்பதுக்குப் பாதியும், இரண்டு மணிக்குக் கால்பங்கும் மிச்சம் இருக்கும். கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இன்னும் மெதுவாக இறங்கும்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே வரும். அதுதான் தூக்கத்தைத் தள்ளிக்கொண்டு வருவது. காஃபீன் அதைக் குறைப்பதில்லை, மூளைக்குத் தெரியாமல் மறைக்கிறது, அவ்வளவுதான். அதனால் படுக்கும் நேரத்துக்கு 8–10 மணி நேரம் முன்பே கடைசிக் காபி முடியட்டும். நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் மறுநாளே தலைவலி வரும்; சில நாளுக்கு ஒருமுறை கால்பங்கு கால்பங்காகக் குறையுங்கள்.

இன்னொன்று: இரவில் படுத்தும் தூக்கம் வராதவருக்கு மதியத் தூக்கம் எதிரி. சேர்த்து வைத்த அடினோசினைப் பகலிலேயே செலவழித்துவிடுகிறீர்கள். அப்படிப்பட்டவர் முதலில் எழும் நேரத்தை நிலைப்படுத்த வேண்டும். எத்தனை மணிக்குப் படுத்தாலும் அதே நேரத்தில் எழ வேண்டும், விடுமுறையிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளக் கூடாது.

ஓரத்து நாற்காலி:
பிரேக் விஷயம் யாரும் தொடலையே. போன் பார்க்கிறது ஓய்வில்லை. அதே கண், அதே தூரம், அதே படிப்பு. போதாததுக்கு பாதியில நிக்கிற நாலு புது விஷயத்தைத் தலையில ஏத்திட்டு வர்றீங்க. முடிக்காம விட்ட வேலை அடுத்த வேலைக்குள்ளயும் கவனத்தைப் பிடிச்சு இழுக்கும். இதைப் பத்தி 2009-ல சோஃபி லெராய் எழுதின ஆய்வு பேர்போனது.

எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி ஒரு வரி எழுதி வைங்க: எங்க நிறுத்தினீங்க, அடுத்து கை வைக்க வேண்டியது எது. "அறிக்கையை முடிக்கணும்"னு எழுதினா பிரயோஜனம் இல்ல. "மூணாவது பத்தி, மார்ச் கூட்டுத்தொகை அட்டவணையோட ஒத்துவரல, பழைய கோப்பைத் திறக்கணும்" இந்த அளவுக்கு இருக்கணும். திரும்பி வந்ததும் யோசிக்காம கை அங்க போகும்.

50 நிமிஷத்துக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம், களைச்ச பிறகு இல்ல, களைக்கிறதுக்கு முன்னாடி. போன் மேஜையிலயே கிடக்கட்டும். நில்லுங்க, நடங்க, 20 அடிக்கு அப்பால எதையாவது பாருங்க. திரையைப் பார்க்கும்போது இமைக்கிறது குறைஞ்சிடும், கண் எரிச்சலுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

அரைத்தூக்கம்:
நன்றி. காபியைக் குறைக்கிறது, மதியம் கோழித்தூக்கம், ரெண்டையும் ஒரே நாள்ல ஆரம்பிக்கலாமா?

விடியல்:
வேண்டாம். முதல் இரண்டு வாரம் காபியும் எழும் நேரமும் மட்டும். இரவில் படுத்து 20–30 நிமிடத்துக்குள் தூக்கம் பிடிக்க ஆரம்பித்தால், அப்புறம் 25 நிமிட அலாரம். ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கியும் பகலில் கண் சொருகினால், கூடவே பலத்த குறட்டையோ காலையில் தலைவலியோ இருந்தால், மருத்துவரிடம் போங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பார்ப்பார்கள். ஹீமோகுளோபினும் தைராய்டும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.