கூழ்முட்டை என்று எறிந்தேன்: அடைக்கோழி அனுபவங்கள்

மல்லாவி வளவு

சாம்பல் நிறப் பேட்டுக்குப் பதின்மூன்று முட்டைகள் அடை வைத்திருந்தேன். இருபத்தோராம் நாள் இரவு ஓடு கொத்தும் சத்தம் கேட்டது, மறுநாள் பத்துக் குஞ்சுகள். இருபத்துமூன்றாம் நாள் காலையில் தாய் குஞ்சுகளை அழைத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கிவிட்டது. கூட்டில் ஐந்து முட்டைகள் மிஞ்சியிருந்தன. பத்தும் ஐந்தும் பதினைந்து என்ற கணக்கு அந்த வேளையில் எனக்கு உறைக்கவில்லை.

எல்லாம் ஆறிக் கிடந்தமையால் கூழ்முட்டைகள் என்று முடிவுகட்டி, ஒவ்வொன்றாக வேலிக்கு அப்பால் எறிந்தேன். மூன்று வெடித்து நாறின. நான்காவது பாலைமரக் கட்டையில் பட்டு உடைந்தபோது உள்ளிருந்து ஒரு குஞ்சு விழுந்தது. தூவி முளைத்து ஈரமாக ஒட்டியிருந்தது. மஞ்சட்கரு இன்னும் வயிற்றுக்குள் இழுபடாமல் சிறு பையாக வெளியே தொங்கியது. அலகு இரண்டு தடவை திறந்து மூடியது.

ஐந்தாவதை எறியக் கை வரவில்லை. துணியில் சுற்றி, குசினி அடுப்பங்கரையில் இளஞ்சூடான சாம்பலுக்கு அருகே இரண்டு நாட்கள் வைத்திருந்தேன். அது பொரிக்கவில்லை. நான்கு மாதங்கள் கழிந்த பின்னரும் அந்த அலகு கண்ணுக்குள் நிற்பதனால் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதேனும் நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

முத்தையன்கட்டு வாய்க்கால்

எனக்கு நேர்ந்தது இருட்டில். அடைக்கோழி இரவில் கூட்டை விட்டு இறங்கி மூலையில் நின்றுகொண்டிருந்தது. முட்டைகள் ஆறிவிடும் என்ற அவசரத்தில், விளக்கு எடுக்காமல், கடகத்துக்குள் கையை விட்டுத் தடவினேன். வைக்கோலின் சூடும் முட்டையின் வழுவழுப்பும் விரல்களுக்குப் பழகியவை. அன்று விரலில் பட்டது குளிர்ந்து, தடித்து, மெல்ல அசைந்தது. நாகம். வயிற்றில் இரண்டு இடங்களில் முட்டையளவுக்குப் புடைப்பு இருந்ததால்தானோ என்னவோ, அது சீறவும் இல்லை, எழும்பவும் இல்லை. அந்தக் கோழி அதற்குப் பிறகு எத்தனை முறை பிடித்து வைத்தாலும் அந்தக் கடகத்தில் ஏறவில்லை. நானும் இன்றுவரை எந்தக் கூட்டிலும் வெறுங்கையை விடுவதில்லை.

நெடுங்கேணி மேட்டுநிலம்

மல்லாவி அண்ணை, குறை சொல்வதாக எண்ண வேண்டாம், ஆனால் பிழை முட்டைகளில் இல்லை, கூட்டில்தான் இருக்கிறது. அடைக்கோழி நாளுக்கு ஒரு முறை தீனிக்கும் தண்ணீருக்கும் புழுதி குளிப்பதற்குமாக இறங்கும் கொஞ்ச நேரத்தில், மற்றப் பேடுகள் சூடான கூடு என்று ஏறி முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஐந்தாம் நாள் சேர்ந்த முட்டைக்கு இருபத்தாறாம் நாளில்தான் தவணை முடியும், தாயோ முதற்குஞ்சுகள் பொரித்து இரண்டு நாட்களில் எழுந்துவிடும். ஆகவே வைக்கும் நாளிலேயே ஒவ்வொரு முட்டையையும் சுற்றிக் கரித்துண்டால் கோடு போட வேண்டும். கோடில்லாததை அன்றன்றே எடுத்துவிட வேண்டும்.

ஏழாம் நாள் இரவு டோர்ச் லைட்டின் முகத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கரு கட்டியதில் சிலந்திக்கால்போலச் சிவந்த நரம்புகள் தெரியும், கட்டாதது வெளிச்சமாக இருக்கும். வெளிச்சமானவற்றை அப்போதே நீக்கினால் கூழ்முட்டை வெடித்து மற்றவற்றைக் கெடுக்காது. அடைக்கு எடுக்கும் முட்டை ஒரு கிழமைக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. நாட்டுக்கோழியின் உடம்புக்குப் பத்து, பன்னிரண்டு முட்டைகள் போதும், பதின்மூன்று என்பது ஆசை. கடகத்தின் அடியில் சாம்பலும் வேப்பிலையும் போட்டால் பேன் குறையும். இடிக்குப் பயந்து கூட்டில் ஆணி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐப்பசி மாதத்தில் முட்டை கெடுவதற்குக் காரணம் இடி அன்று, கிடுகுக் கூரையின் ஒழுக்கு. ஆணியை எடுத்துக் கூரைக்கு அடித்தால் பயன் உண்டு. பொரித்தபின் முதல் நாள் தீனி தேவையில்லை, உள்ளிழுத்த மஞ்சட்கருவே இரண்டு நாட்களுக்குப் போதும். பிறகு குறுணலும் கறையானும் கொடுக்கலாம், பிராந்துக்குப் பயந்தால் கரப்பால் மூடலாம்.

என் அனுபவம் சிறியது. எங்கள் பேடு ஒன்று முட்டைகளை எடுத்த பின்னரும் ஒரு மாங்கொட்டையின் மேல் ஒன்பது நாட்கள் கிடந்தது.

ஒட்டுசுட்டான் கிழக்கு

நெடுங்கேணி ஐயா சொல்வதில் பிழையில்லை. ஆனாலும் ஆள் கை படாத இடத்தில் கிடந்த கோழிதான் எங்கள் வளவில் இதுவரை அதிகக் குஞ்சுகளைப் பொரித்தது. கரிக்கோடும் இல்லை, டோர்ச்சும் இல்லை.

அந்தக் கோழி காணாமற்போனபோது, பக்கத்து வீட்டு அக்காதான் பிடித்துச் சமைத்துவிட்டார் என்று நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, பெயர் சொல்லாமல் ஆனால் அவருக்குக் கேட்கும்படியாகப் பேசினேன். அன்று அவருடைய வீட்டில் கோழிக்கறி வாசம் வந்தது என்பதைத் தவிர என்னிடம் வேறு சாட்சியம் இருக்கவில்லை. மூன்று கிழமைகள் கழித்து ஒரு காலையில் அவருடைய விறகு அடுக்கின் பின்னாலிருந்து கோழி வெளியே வந்தது, பின்னால் பதினொரு குஞ்சுகள். வேலியின் கிடுகு இறுக்கமாக இருந்தபடியால் தாய் மட்டும் பறந்து இந்தப் பக்கம் வந்துவிட, குஞ்சுகள் அங்கேயே நின்று கத்தின. அக்கா ஒரு பனையோலைப் பெட்டியில் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்து, வேலிக்கு மேலால் நீட்டினார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் வாங்கிக்கொண்டேன், நானும் ஒன்றும் சொல்லவில்லை.

வளர்ந்த குஞ்சுகளில் இரண்டைக் கொடுத்தனுப்பினேன். பிள்ளையிடமே திருப்பி அனுப்பிவிட்டார். பெட்டி இன்னும் எங்கள் பத்தியில் தொங்குகிறது.

தருமபுரம் பழைய வீதி

2009 தை மாதத் தொடக்கத்தில் நாங்கள் விசுவமடுப் பக்கம் வெளிக்கிட்டபோது எங்கள் செங்காரிப் பேடு அடையில் பதினாறு நாட்கள் கிடந்திருந்தது. மற்றக் கோழிகளை அவிழ்த்துவிட்டோம், அவை பற்றைக்குள் ஓடிவிட்டன. செங்காரியின் கூட்டுக் கதவைத் திறந்து கல்லை முட்டுக் கொடுத்தேன். அது கழுத்தை நீட்டி ஒரு முறை பார்த்துவிட்டு, இறகுகளை விரித்து இன்னும் தாழ்ந்து படுத்தது. ஒரு சிரட்டையில் தண்ணீரும் ஒரு சிரட்டையில் நெல்லும் வைத்தேன். அம்மா உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியிருந்தபடியே, "இன்னும் ஐந்து நாள்தானே" என்றார். எங்களை நினைத்துச் சொன்னாரா, கோழியை நினைத்துச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

மீள்குடியேற்றத்தில் திரும்பி வந்தபோது கூடும் இல்லை, வீடும் இல்லை. முட்டுக் கொடுத்த கல் மட்டும் கிடந்தது. அது அந்தக் கல்தான் என்பது எனக்குத் தெரியும்.

நெடுங்கேணி மேட்டுநிலம்

தருமபுரம் தங்கச்சி, மனம் கனத்துவிட்டது. பொதுவாக மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அடைக்கோழியைப் பகலில் இடம் மாற்றினால் அடையை விட்டுவிடும். இரவில், கடகத்தோடு, சாக்கால் மூடித் தூக்கினால் பெரும்பாலும் முட்டையை விட்டு எழும்பாது.

தருமபுரம் பழைய வீதி

ஐயா, நாங்களும் இரவில்தான் போனோம். பெட்டியில் பதினெட்டுப் பேர் இருந்தோம்.

மல்லாவி வளவு

எல்லாரும் எழுதியதை வாசித்தேன். நெடுங்கேணி அண்ணை சொன்ன கணக்குச் சரியாகத்தான் இருக்க வேண்டும். சாம்பல் பேடு கூட்டை விட்டு இறங்கும் நேரத்தில் வெள்ளைப் பேடு அந்தப் பக்கம் திரிந்ததை நானே பார்த்திருக்கிறேன், பார்த்தும் யோசிக்கவில்லை.

சாம்பல் பேடு குஞ்சுகளைக் கொத்தித் துரத்திவிட்டு மறுபடியும் முட்டையிட்டு, போன கிழமை அடையில் குந்தியது. இம்முறை பன்னிரண்டு வைத்து, பன்னிரண்டுக்கும் கரிக்கோடு போட்டேன். இன்று காலை அது புழுதி குளிக்கப் போன நேரத்தில் எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்று. கோடில்லாத முட்டை நடுவிலேயே கிடந்தது, தொட்டபோது மற்றவற்றைப் போலவே சூடாக இருந்தது. எடுத்துக்கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன். பகல் சோற்றோடு பொரித்து வைத்தார்.