புது பிரேக் ஷூ போட்டும் பெடல் உதைக்கிறது: டிரம்மைக் கடையலாமா?

வணக்கம் நண்பர்களே. 100 சிசி பைக், ஸ்போக் வீல், பின்பக்கம் 130 மி.மீ. டிரம் (பிரேக் ஷூ உள்ளிருந்து விரிந்து உரசும் வட்டக் கிண்ணம்). மெதுவாக வரும்போது பிரேக்கை லேசாக அழுத்தினால், சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை பெடல் காலை உதைக்கிறது. கிறீச் சத்தம் எதுவும் இல்லை.

ஷூவை வீட்டிலேயே மாற்றியாயிற்று. டிரம் தூசியை ஈரத்துணியால் துடைத்தேன் (ஊதவே கூடாது, நுரையீரலுக்கு ஆகாது). ஷூவை விரிக்கும் கேமைக் கழுவி, பட்டாணி அளவு மட்டும் கிரீஸ். அதிகமானால் சூட்டில் இளகி ஷூவில் இறங்கிவிடும், பிறகு பிரேக் பிடிக்காது. ஆக்சில் நட்டை முறுக்கும்போது பெடலை ஒருவர் அழுத்திப் பிடித்திருந்தார், அப்போதுதான் பிரேக் பிளேட் (ஷூ பொருந்தியிருக்கும் மூடி) நடுவில் உட்காரும். பெடல் ஃப்ரீ பிளே (பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) 25 மி.மீ. வீல் பேரிங்கில் ஆட்டம் இல்லை. பிரேக் பிளேட் சுழலாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம் போல்ட்டும் இறுக்கம்தான்.

வெர்னியர் அளவுகோலில் டிரம்மின் உள்விட்டத்தை நான்கு திசையில் அளந்தால் 130.3 முதல் 130.7 வரை வருகிறது. ஓவல் ஆகிவிட்டது என்பது தெளிவு. டிரம்மில் பொறித்திருக்கும் அதிகபட்ச எல்லை 131. லேத்தில் உட்புறத்தைச் சீவி வட்டமாகக் கடைந்தால் 130.8 ஆகும், மிச்சம் 0.2 தான்.

அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: ஒருபக்க ஸ்போக் அதிக இறுக்கமாக இருந்தாலும் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி, டிரம் இதற்குள்தான்) இழுபட்டு ஓவல் ஆகுமே, முதலில் ஸ்போக்கைச் சரிசெய்து மறுபடி அளப்பதுதான் முறையா? லேத்தில் ரிம்மோடு அப்படியே கட்டிக் கடைவார்களா, ஸ்போக்கைப் பிரிக்கச் சொல்வார்களா? பிரித்தால் 36 ஸ்போக்கையும் மறுபடி பின்ன வேண்டும். அந்தக் கூலிக்குப் புது ஹப்பே மேல் என்று தோன்றுகிறது. உங்கள் ஊரில் கடைசல் கூலி எவ்வளவு என்றும் குறிப்பிடுங்கள்.