உணவுக்குழாய்ப் புற்றுநோய்: உலோக ஸ்டென்ட் வைக்கலாமா?

கேள்வி (கீழக்கரை):
என் வாப்பாவுக்கு உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் புற்றுக்கட்டி இருப்பதை மதுரையில் எண்டோஸ்கோப்பி மூலம் உறுதி செய்திருக்கிறார்கள். முதலில் சோறு இறங்காமல் இருந்தது. இப்போது கஞ்சியும் நெஞ்சில் நின்று திரும்பி வருகிறது. நோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டதால் அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்றும், தானே விரியும் உலோக ஸ்டென்ட் வைத்தால் வாயால் சாப்பிடலாம் என்றும் மருத்துவர் கூறினார். உறவினர்களோ நெஞ்சுக்குள் கம்பி வைப்பது ஆபத்து என்றும், மூக்கு வழியே குழாய் போட்டால் போதும் என்றும் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (எண்டோஸ்கோப்பிப் பிரிவில் செவிலியர், மதுரை):
நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பியால் பின்னப்பட்ட வலைக்குழாய்தான் அது. ஒடுங்கிய நிலையில் ஓர் உறைக்குள் வைத்து, கட்டியைக் கடந்து செலுத்திய பின் உறையை விலக்கினால், அது மெல்ல விரிந்து கட்டியைச் சுவரோடு ஒதுக்கித் தள்ளும். முழுவதும் விரிய ஓரிரு நாட்கள் ஆகும் என்பதால், அந்நாட்களில் நெஞ்சுவலி இருப்பது வழக்கம். வலி மருந்து தருவார்கள். வலையின் மேல் மெல்லிய உறை போர்த்தாத ஸ்டென்ட் வகையில் கண்ணிகளின் ஊடே கட்டி வளர்ந்து மீண்டும் அடைத்துவிடும். முழுவதும் உறையிட்ட வகை நழுவி இரைப்பைக்குள் இறங்கிவிடக்கூடும். எதை வைக்கப் போகிறார்கள், ஏன் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் வாப்பாவுக்குக் கட்டி கீழ்முனையில் இருப்பதால், ஸ்டென்ட் இரைப்பையின் வாயைத் திறந்தே வைத்திருக்கும். அமிலம் மேலே ஏறும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்து, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். சாப்பிட்ட உடனே படுக்க விடாதீர்கள்.

பதில் 2 (தொண்டி):
என் பெரியப்பாவுக்கு இதே சிகிச்சை நடந்தது. வழி திறந்துவிட்டது என்பதற்காகப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிட முடியாது என்பதை வீட்டில் எல்லோருக்கும், குறிப்பாகப் பார்க்க வரும் விருந்தினருக்கு, சொல்லி வையுங்கள். கணவாய், கறித்துண்டு, பரோட்டா, நார் மிகுந்த பனங்கிழங்கு ஆகியவை வேண்டாம். தொதல் போல ஒட்டும் பண்டமும் கூடாது. குழைந்த சோறு, முட்டை, முள் நீக்கிப் பிசைந்த மீன், குழம்பில் நனைத்த சுறாப்புட்டு ஆகியவற்றை அவர் நன்றாகவே சாப்பிட்டார். நிமிர்ந்து அமர்ந்து, மென்று, இடையிடையே வெந்நீர் குடிக்க வேண்டும். ஒரு கல்யாண வீட்டில் பிரியாணிக் கறி சிக்கி, மறுபடி எண்டோஸ்கோப்பி செய்தே எடுக்க நேர்ந்தது.

பதில் 3 (கதிர்வீச்சுத் துறையில் பணிபுரிபவர், ராமநாதபுரம்):
மேலே கூறியவை சரி. ஆனால், ஸ்டென்ட் கட்டியைக் குணப்படுத்தாது, விழுங்கும் வழியை மட்டுமே மீட்டுத் தரும் என்பதை வீட்டார் முதலிலேயே புரிந்துகொள்வது நல்லது. மூக்குக் குழாயில் சத்து உள்ளே போகும், ஆனால் உமிழ்நீரைக்கூட விழுங்க முடியாத துன்பம் தீராது. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஸ்டென்டின் பக்கம் நிற்பேன்.

நம் ஊரில் கரண்ட் வைப்பது என்று சொல்லப்படும் கதிர்வீச்சையும் திட்டமிட்டிருந்தால், எது முதலில், எது பிறகு என்பதைக் கட்டாயம் கேளுங்கள். வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சையும் ஸ்டென்டையும் ஒரே காலத்தில் சேர்த்துச் செய்வதை ஐரோப்பிய எண்டோஸ்கோப்பிச் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. உணவுக்குழாய்க்குள்ளேயே கதிர்மூலத்தை வைத்துத் தரும் பிராக்கிதெரபி மாற்று வழியாகும். அதன் பலன் தாமதமாகத் தெரிந்தாலும் நீடித்து நிற்கும். கஞ்சியே இறங்காதவருக்கு அவ்வளவு காத்திருக்க அவகாசம் இருக்குமா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், ஸ்டென்டின் விலை அதில் அடங்குமா என்று சேரும் முன்பே விசாரியுங்கள். வைத்த பிறகு இரத்த வாந்தியோ, கறுப்பு மலமோ, சாப்பிடும்போதெல்லாம் இருமலோடு காய்ச்சலோ வந்தால், மதுரைக்குப் போக விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.